எங்கள் எம்.பி.

மொக்கைச்சாமி அய்யாவுக்கு ரயில் பயணம் ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர் சார். குமட்டும். அவர் டில்லிக்குக் கிளம்பும்போதெல்லாம் திண்டுக்கல் ஸ்டேஷனில் எலுமிச்சம்பழத்தோடு நிற்பது நான்தான்.

எங்கள் ஆலையில் பூச்சிமருந்து செய்கிறோம். இரண்டு தேர்தலிலும் அய்யாவுக்கு ஜீப்பும் பெட்ரோலும் எங்களுடையவை. அவரைக் கவனித்துக்கொள்ளத்தான் முதலாளி எனக்குச் சம்பளம் தந்தார். வெளிநாட்டு மருந்துக்கு வரி போடச் சொல்லி அய்யா நாடாளுமன்றத்தில் பேசினாரே, எழுதிக் கொடுத்தது நான்.

பிறகு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, சிலுவைமுத்துவை இங்கே ஏஜெண்டாகப் போட்டது. நல்ல பையன். அய்யாவை விமானத்தில் சீமைக்கு அழைத்துப் போனான். திரும்பி வந்தவர் வரியை எடுக்க வேண்டும் என்றார். அது அரசியல், எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஸ்டேஷனில் என்னைப் பார்த்து, "நீ எதுக்கு அலையிற, சுருளி? அதான் முத்து வந்திருக்கான்ல," என்றார். அவன் கையில் எலுமிச்சம்பழம் இருந்தது.

போன தை மாதம் ரெட்டியார்சத்திரத்தில் அவர்கள் மருந்து தெளித்துக் காட்டும் விழா வைத்தார்கள். மத்தியானம், பார்க்க வந்த வெள்ளாமைக்காரச் சம்சாரிகளுக்குச் சாப்பாடு. அய்யா சாயங்காலம்தான் வருவார் என்று விசாரித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. சமையல்காரி பேச்சாயி தண்ணீருக்குப் போன நேரம், அவர்கள் மருந்தையே எடுத்துச் சாம்பார் அண்டாவில் ஊற்றினேன். ஜனங்கள் பயந்துவிட்டால் அந்த மருந்துக்காக யாரும் பேச முடியாது.

பேச்சாயி வந்துவிட்டாள். "செத்த இருங்கண்ணே, உப்பு ஒறைப்புப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க."

"நீயே பாரு தாயி."

உள்ளங்கையில் விட்டு நக்கினாள். "லேசாக் கசக்குதோ?"

"வெந்தயமா இருக்கும்," என்றேன்.

முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிழைக்கவில்லை. பேச்சாயியும்தான். பிள்ளைகளும் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிப்போனது எங்கள் ஜீப்தான்.

மருந்தைச் சமையல் கொட்டகையில் வைத்தான் என்று சிலுவைமுத்துவைப் பிடித்தீர்கள். கம்பெனி கடையைக் கட்டியது. அய்யாவும் மறுபடி வரி வேண்டும் என்றார். முதலாளி என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பின் ஏன் வந்தாய் என்கிறீர்கள். மனசாட்சிதான் சார். ஒரு பாவமும் அறியாதவன் உள்ளே கிடக்கலாமா? நேற்று அய்யா மதுரை ஜெயிலுக்கே போய் அவனைப் பார்த்தாராம். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். வெகுநேரம் இருந்தாராம்.

ஊற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். என்னையும் மதுரைக்குத்தானே அனுப்புவீர்கள்? நான் எங்கே இருப்பேன் என்று அய்யாவுக்கு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.