அமைதியான திங்கக்கிழமையும் என்ரை குசினியும்

...குளியலறை முழுக்க வெள்ளை மயிர் தங்கச்சி! நீட்டு நீட்டா! அஞ்சு கிழவன்மார், அஞ்சு பேருக்கும் தோள்வரைக்கும் தலைமயிர். ஆ... நெத்தியை இழுத்துப் பிடியுங்கோ. ஆடாதேங்கோ, நூல் புருவத்தை வெட்டிப்போடும். நீங்கள் சென்னையே? கதைக்கிற விதத்திலை தெரியுது. நான் இப்ப பாரிசுக்குப் பக்கத்திலை, லா கூர்னெவ்விலை, ரெண்டு அறை வீட்டுக்குள்ளை ஒரு முழுப் பாட்டுக் கோஷ்டியை வைச்சுச் சமைச்சுப் போடுறன். நம்புவியளே?

ஸ்லோவாக்கியா எண்டொரு நாடு கேள்விப்பட்டிருக்கிறியளே? நானும் கலியாணம் கட்டுமட்டும் கேள்விப்படேல்லை. என்ரை மனிசன் ஐங்கரன் பிரான்சுக்கு வாற வழியிலை, ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரன் அங்கை பனிக்குள்ளை இறக்கிவிட்டிட்டு ஓடிட்டான். பாசையும் தெரியாது, ஒரு சனத்தையும் தெரியாது. அந்த ஊருக்குப் பாட வந்த இவங்கள், ஆள் சும்மா நிக்குதெண்டு ஸ்பீக்கர் பெட்டி தூக்கக் கூப்பிட்டாங்களாம். தூக்கினவர்தான்... ரெண்டு வருசம் அவையளின்ரை வானுக்குள்ளையே சீவியம். ஐங்கரன் எண்டு வாய் வராதாம். யாங்கோ! பேரையே மாத்திப்போட்டாங்கள்.

கோஷ்டிக்கு என்ன பேர் தெரியுமே? திஹி பொந்தெலொக். அமைதியான திங்கக்கிழமையாம்! அமைதி... என்ரை பானை சட்டியைக் கேளுங்கோ, சொல்லும். ட்ரம்ஸ் அடிக்கிறவர் விடியக் காலமை அகப்பையைத் தூக்கினா வைக்கமாட்டார்.

எனக்கு உந்தச் சரித்திரமொண்டும் தெரியாது, கேக்கவும் விருப்பமில்லை. கம்யூனிஸ்ட் காலத்திலை, கோசிட்சே எண்ட பட்டணத்திலை, பள்ளிக்கூடப் பெடியளாத் துவங்கினவை. அப்ப ஒவ்வொரு பாட்டையும் அதிகாரிக்குப் பாடிக் காட்டவேணுமாம். மழையைப் பற்றி ஒரு பாட்டு. "எங்கடை நாட்டிலை ஏன் இவ்வளவு சோகமா மழை பெய்யுது?" எண்டு கேட்டிருக்கிறான் அந்தாள். சரியெண்டு வெயிலெண்டு மாத்திப் பாடினாங்களாம். சனமெல்லாம் எழும்பி நிண்டு மழையெண்டே திருப்பிப் பாடினதாம்! பேந்து ஆட்சி விழுந்துது, நாடும் செக் வேறை ஸ்லோவாக் வேறையெண்டு பிரிஞ்சுது. பாதி ரசிகர்மார் ஒரே நாளிலை வெளிநாட்டுக்காரர். முதல் ட்ரம்ஸ்காரன் ஜேர்மனிக்குப் போயிட்டான். பாட்டுக்காரன் யோசெஃபும் கீபோட் அடிக்கிற மிலானும் பிரிஞ்சு சேந்து, பிரிஞ்சு சேந்து... இப்ப ஒண்டாத்தான் மேடையிலை நிப்பினம். ஆனா ஒரு சொல் கதைக்கமாட்டினம். கனகாலமாம்! ஆரின்ரை பாட்டை முதல் பாடுறதெண்ட சண்டை.

நோகுதே? இந்தா முடிஞ்சுது. மற்றக் கண்ணை மூடுங்கோ.

என்ரை மனிசன் போன வருசம் முதுகு ஒப்பரேசனோடை ரெஸ்ரோரன்ட் வேலையை விட்டவர். வேலையோடை பேச்சையும் விட்டிட்டார் தங்கச்சி. ஓம். இல்லை. பிறகு பாப்பம். அவ்வளவுதான். எங்கடை பெடியன் பிரெஞ்சிலை ஏதும் கேட்டா தலையை ஆட்டுவார். யன்னலாலை ரோட்டைப் பாத்தபடி... டொக்டர் வெளியிலை கூட்டிக்கொண்டு போகச் சொன்னவர். எங்கை வாறார்!

போன கிழமை இஞ்சை ஸ்லோவாக் சங்கக்காரர் சின்ன மண்டபமொண்டிலை இவங்களைப் பாட வைச்சவை. மனிசன் போனிலை அந்த நோட்டீசைப் பாத்திட்டு ஷேர்ட்டைப் போட்டார். பேந்து கழட்டினார். "ஆருக்கு என்னை ஞாபகம் இருக்கப்போகுது மலர்" எண்டார். நான் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனன். மண்டபத்திலை அரைவாசிக் கதிரை வெறும். நாங்கள் பின்னாலை, கதவடியிலை. ரெண்டாவது பாட்டிலை அந்த யோசெஃப் டக்கெண்டு பாட்டை நிப்பாட்டினான். கையைக் கண்ணுக்கு மேலை வைச்சுப் பாத்தான். "யாங்கோ!"

ஐயோ தங்கச்சி... எனக்கு இப்பவும் மயிர்க்கூச்செறியுது. மேடைக்கு ஏத்தினாங்கள். என்ரை மனிசன், வாயே திறக்காத மனிசன், அந்த மழைப் பாட்டை முழுசாப் பாடினார்! ஒரு சொல் விடாமல்! நான் அழுதுகொண்டு நிக்கிறன், பக்கத்திலை ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை எனக்குக் கண்ணைத் துடைக்க ரிசு தாறா.

வெளியிலை வந்தா அவையளின்ரை வான் ஸ்டார்ட் வராது. பழசு, ஊர்ப்பட்ட பழசு. அஞ்சு பேரும் அதுக்குள்ளையே படுக்கப் போகினமாம், அந்தக் குளிருக்குள்ளை!

என்ன? ஆர் வீட்டை கூப்பிட்டதோ? ...நான்தான். வேறை ஆர்? மனிசன் அந்த வானைப் பாத்தபடி நிண்டவர், நான்தான் கையைக் காட்டி வாங்கோ, வாங்கோ எண்டனான்.

இப்ப பாருங்கோ கூத்தை. மிலானுக்குச் சம்பல் வேணும். சம்பல் யோசெஃபுக்குப் பக்கத்திலை. கேக்கமாட்டான். "யாங்கோ, அவனிட்டைச் சொல்லு." இவர் அவனுக்குச் சொல்லி, அவன் இவருக்குச் சொல்லி, எனக்குத் தமிழிலை, பெடியனுக்குப் பிரெஞ்சிலை... காலமை தொடக்கம் படுக்குமட்டும் மனிசன்ரை வாய் மூடேல்லை! நேற்று என்னோடை சண்டையே பிடிச்சார். புட்டுக்கு உப்புக் காணாதாம். உப்பு! ஒரு வருசத்துக்குப் பிறகு எனக்குக் குறை சொல்லுறார் தங்கச்சி! நான் குசினிக்குள்ளை போய்த் தனியச் சிரிச்சன்.

பொறுங்கோ, போன். தனூஜன்... வில்லியே லே பெல்லிலை கராஜ் வைச்சிருக்கிற தம்பி. வான் அவரிட்டைத்தான் நிக்குது.

ஹலோ தம்பி! ஓம்... என்ன, முடிஞ்சுதே? பிரேக்கையும் பாருங்கோ எண்டு சொன்னனானெல்லே? பாத்தாச்சே... டயர்? நாலுமோ? உங்களை ஆர் தம்பி இவ்வளவு கெதியாச் செய்யச் சொன்னது! இல்லையில்லை, அவையளுக்குப் போன் அடிக்காதேங்கோ. நான் சொல்லுறன், நான் சொல்லுறன்... அப்ப... அப்ப ஒருக்கா பெயின்ட் அடியுங்கோவன். ஓம் தம்பி, முழு வானுக்கும். ஆறுதலா, மெல்ல மெல்லக் காயட்டும்.