முப்பத்தொன்றாம் பக்கத்தைக் கண்டுபிடித்தவருக்கு

ஸ்பாக்ஸ் நகர இரத்த வங்கியின் கணினி அறையை இருபத்தொன்பது ஆண்டுகள் கட்டிக் காத்து, இன்று ஓய்வு பெறுபவரே! புரியாத எழுத்துக்குப் பணியாத பெண்மணியே! நாங்கள் மரியாதையோடு 'லல்லா' என்று அழைக்கும் நஸீஹா கம்மூன் அவர்களே, வணக்கம்!

'பொறுமையின் சிகரமே' என்றுதான் முதலில் எழுதினோம். எழுதிவிட்டு எல்லோரும் சிரித்துவிட்டோம். நிறுவல் கையேட்டைத் தாங்கள் சுவரில் விட்டெறிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அல்லவா நாங்கள்!

அந்தக் காலையை எப்படி மறப்போம்? தலைமையகம் புதிய மென்பொருள் அனுப்பியிருந்தது. கையேட்டின் இரண்டாம் பக்கம் சொன்னபடியே லேபிள் அச்சுப்பொறியை இணைத்தோம், மென்பொருளை ஏற்றினோம். ஒரு லேபிளும் வரவில்லை. லேபிள் ஒட்டாத இரத்தப் பை எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது. பிரசவ வார்டில் ஒரு தாய்க்காக இரத்தம் வாங்க வந்தவரோ வாசலில் தவித்து நின்றார். உதவி எண்ணில் ஒருவர், "கையேட்டப் பாருங்க மதாம்" என்றார். "பாத்துட்டுத்தான்யா கூப்பிடுறேன்! எழுதினவர் ஒரு தடவையாவது பாத்தாரா?" என்று கேட்டுவிட்டு, கையேட்டைக் கடைசியிலிருந்து புரட்டினீர்கள். முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருந்தது: மென்பொருளை ஏற்றும் முன் அச்சுப்பொறியை இணைக்கக் கூடாது. எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து ஏற்றினீர்கள். லேபிள் வந்தது, பை போனது, தாய் பிழைத்தாள். அதற்குப் பிறகுதான் கையேடு பறந்தது.

அன்று மாலையே நான்கு பக்கத்தில் தாங்களே ஒரு வழிகாட்டி எழுதினீர்கள். கணினியைத் தொட்டறியாத வாயிற்காவலர், நாங்கள் எல்லோரும் பெரியப்பா முறையில் 'அம்' என்று அழைக்கும் மப்ரூக்கை உட்கார வைத்து, "நீங்க படிங்க, நீங்களே அமுக்குங்க, நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றீர்கள். ஐந்தாம் வரியில் அவர் திணறி, "எனக்கு இதெல்லாம் வராது மகளே" என்று எழப் பார்த்தார். "உக்காருங்க. தப்பு உங்க மேல இல்ல, என் எழுத்து மேல" என்று அந்த வரியை அடித்தீர்கள். அப்படியே ஏழு முறை! "காபி வந்தாத்தான் எட்டாவது தடவ" என்று அவர் அடம்பிடித்ததும் நினைவிருக்கிறதா?

எட்டாவது தடவை அவர் தானே லேபிள் அச்சடித்ததும், அந்த நான்கு தாள்களும் கணினி அறைச் சுவரில் ஏறின. அதற்குத் தங்களுக்குக் கிடைத்த பரிசு, தலைமையகத்தின் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள். போன வாரம் மூன்றாவதும் வந்தது: திருமதி கம்மூன் ஓய்வு பெற்றதும், அங்கீகாரமற்ற அந்தத் தாள்களை அகற்றிவிட வேண்டுமாம். "விடுங்க பிள்ளைங்களா, எனக்காக நீங்க வம்புல மாட்டாதீங்க" என்றீர்கள்.

லல்லா, தங்கள் சொல்லை முதல்முறையாக மீறுகிறோம். தாள்களைக் கழற்றப் போவதில்லை. பதினொரு பேரும் கையெழுத்திட்ட பதில் இன்று காலை தலைமையகத்துக்குப் போய்விட்டது. தங்களுக்கும் படித்துக் காட்டுகிறோம்:

"நீங்கள் அங்கீகரித்த கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு, உங்களில் யாரேனும் எங்கள் அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு லேபிளை அச்சடித்துக் காட்டுங்கள். அன்றே அகற்றுகிறோம். அறை காலை எட்டு மணிக்குத் திறக்கும்."

கடலோரக் காற்றும், பேரப்பிள்ளைகளின் கூச்சலும், நோயற்ற நெடிய நாட்களும் தங்களுக்கு வாய்க்கட்டும். இங்கே நடப்பதை நினைத்து உறக்கம் கெட வேண்டாம். அவர்கள் வரட்டும், நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டோம்.

என்றும் தங்கள் அன்பில்,
இரத்த வங்கி ஊழியர்கள் பதினொருவர்