காணாமல் போகாத கல்யாணப் படங்கள்

மேலே எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவைதான். வயது முப்பத்தெட்டு. கணவரோடு சேர்ந்து போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். படம் எடுப்பது அவர், கம்ப்யூட்டர் வேலை முழுக்க நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி ஸ்டேஷனில் கேட்டேன்.

ஸ்டூடியோவில் படங்களைச் சேமிக்க நெட்வொர்க்கில் மாட்டிய இரண்டு ஹார்டு டிஸ்க் பெட்டிகள் உண்டு. கல்யாணப் படங்கள் நிறைந்தது அக்கா, காலியாக இருப்பது தங்கச்சி. எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொள்வதால் பிரிண்டருக்குச் சம்பந்தி என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க்கில் ஓர் எண் இருக்கும். அதையெல்லாம் யார் மனப்பாடம் செய்வது என்று, பெயரை அடித்தால் எண்ணைத் தேடிக் கொடுக்கும் சின்ன சர்வர் ஒன்றை நானே அமைத்தேன். எண் மாறினாலும் அது தானாகத் தெரிந்துகொள்ளும். என் கணவர் மட்டும் அதை நம்பாமல், அக்காவின் எண்ணைத் தன் கம்ப்யூட்டருக்குள் தனியாக எழுதி வைத்திருந்தார். அது அப்போது எனக்குத் தெரியாது.

நேற்று மாலை இன்டர்நெட்காரர் வந்து ரவுட்டரை மாற்றியதில் எண்கள் மாறி, அக்காவின் பழைய எண் தங்கச்சிக்குப் போய்விட்டது. அதன் பிறகு இன்று காலை, நான் அம்மா வீட்டில் இருந்தபோது, என் கணவர் தான் எழுதி வைத்த பழைய எண்ணிலேயே அக்காவைத் திறந்து, ஒரு படமும் இல்லாததைக் கண்டு, எங்கள் கடையில் ஆல்பம் ஒட்டுபவர்மேல் போலீசில் புகார் கொடுத்தார். நேற்று கடையைப் பூட்டியவர் அந்த ஆல்பம் ஒட்டுபவர்தான். நாங்கள் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அதன் பிறகு போலீசார் தம்பியை இங்கே ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். தம்பியின் மனைவி எனக்குப் போன் செய்து அழுதார்.

அதன் பிறகு நேரே ஸ்டூடியோவுக்குப் போய், என் கம்ப்யூட்டரில் அக்கா என்று அடித்தேன். எல்லாப் படங்களும் இருந்தன. கணவரின் கம்ப்யூட்டரைப் பார்த்தபோதுதான் அவர் எழுதி வைத்திருந்த பழைய எண் கண்ணில் பட்டது. அந்த வரியை அழித்துவிட்டு, அக்கா என்று அவரையே அடிக்கச் சொன்னேன். படங்கள் வந்தன. "நீ வெச்சது சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். என்னிடம் சொல்லி என்ன புண்ணியம், ஸ்டேஷனில் வந்து சொல்லுங்கள் என்று கையோடு அழைத்துவந்தேன்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் முன்னிலையில் என் கணவர் தப்பை ஒப்புக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று தம்பியைக் கூப்பிட்டார். தம்பி பெஞ்சை விட்டு எழவில்லை. "பையன் ஸ்கூல் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. நான் எடுக்கலைன்னு எழுதுங்க, அப்புறம் எந்திரிக்கிறேன்" என்றார்.

ஆகவே எழுதச் சொல்கிறேன். தம்பி எதையும் எடுக்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. எழுதியதைத் தம்பியின் காதில் விழும்படி படிக்கக் கேட்டேன், படித்தார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. நான் போடுவதற்கு முன்பே என் கணவர் இதில் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். போட்டார்.

(கையொப்பம்)
(கையொப்பம்)