வார் அழுத்திய இடம்

அக்கா: கைய வை. அங்க இல்லடி... முன்னங்காலுக்குப் பின்னாடி. சேணத்த இழுத்துக் கட்டுற வயித்து வார் படுற இடத்துல. என்ன தெரியுது?

தங்கை: கொஞ்சம்... வீங்கியிருக்கு.

அக்கா: கொஞ்சமா! கோழிமுட்டைய உள்ள வச்சுத் தெச்ச மாதிரி இருக்கு. விரல் பட்டதும் தோல் துடிக்குது பாரு. விடிஞ்சா போட்டி. என் குதிரை செம்பிய நீ பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா?

தங்கை: உன் குதிரையா? நம்ம குதிரைன்னுல்ல அப்பா சொன்னார்?

அக்கா: சொல்லுவாரு, சொல்லுவாரு. என் மணிக்கட்டு முறிஞ்சு மாவுக்கட்டு காயறதுக்குள்ள, போட்டியில என் பேர எடுத்துட்டு உன் பேரக் கொடுத்தவராச்சே!

தங்கை: நான் கேட்டேனா?

அக்கா: வேண்டாம்னும் சொல்லலையே. சேணம் போடுறதுக்கு முன்னாடி அந்த இடத்த பிரஷ்ஷால தேய்ச்சியா? காஞ்ச சேறு துளி ஒட்டியிருந்தாலும் போதும், உப்புத்தாள் மாதிரி அராவிடும்.

தங்கை: தேய்ச்சேன்.

அக்கா: வாருக்கு அடியில போடுற மெத்தைத் துணி? வேர்வை காஞ்சு மொறமொறன்னு கெடக்கு!

தங்கை: அத நேத்து சாயங்காலமே தொவச்சுக் காயப் போட்டுட்டேனேக்கா... இப்ப எப்படி அதுல வேர்வை?

அக்கா: பேச்ச மாத்தாத. வார ஒரே இழுப்பா இழுத்திருப்ப. தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்... முதல்ல தளர்வா மாட்டு, கொஞ்சம் நடத்து, அப்புறம் ஒவ்வொரு ஓட்டையா ஏத்து. முன்னங்கால முன்னாடி இழுத்து விட்டா, வாருக்குள்ள மாட்டிக்கிட்ட தோல் பிரியும்னு. உனக்குத்தான் பொறுக்காதே. ஏறணும், நாலு பேரு பாக்கணும்.

தங்கை: எல்லாம் செஞ்சேன். இறங்கினதும் படக்குன்னு கழட்டக்கூட மாட்டேன். தளர்த்தி, நடத்தி, வேர்வையக் கழுவிட்டுத்தான் கட்டுவேன். நீ சொல்லிக் கொடுத்ததுல ஒண்ணு விடல.

அக்கா: அப்போ வீக்கம் வானத்துலேர்ந்து விழுந்துச்சா?

தங்கை: இடப்பக்கம் மட்டுந்தான் இருக்கு. கவனிச்சியா?

அக்கா: அதனால?

தங்கை: இடப்பக்கம் நின்னுதான வார இறுக்குவோம். ரெண்டு கையும் இருந்தா, ஒண்ணால தோல நீவிக்கிட்டே இன்னொண்ணால இழுக்கலாம். ஒத்தக் கைன்னா...

அக்கா: என்னடி சொல்ல வர்ற?

தங்கை: ஒண்ணுமில்ல. இந்தா, வாரோட நுனியப் பாரு. பள்ளம் பள்ளமா இருக்கு.

அக்கா: செம்பி கடிச்சிருக்கும்.

தங்கை: குதிரைக்குப் பல்லு இவ்ளோ சின்னதா? அதுலயும் ஒண்ணு மட்டும் தெத்துப்பல்லா?

அக்கா: ... சிரிக்காத.

தங்கை: நான் எங்க சிரிச்சேன்? பல்லால கடிச்சு இழுத்தியாக்கா?

அக்கா: வேற எப்படி இழுக்கச் சொல்ற? இந்தக் கையில விரலே மடங்கல. எல்லாரும் எழுந்துக்கறதுக்குள்ள ஒரு சுத்து... ஒரே ஒரு சுத்துன்னுதான் ஆரம்பிச்சேன்.

தங்கை: மறுபடி விழுந்தா எலும்பு சேராதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

அக்கா: சொன்னார். உன்ன அது மேல பாக்குறப்போ எனக்கு எலும்பா ஞாபகம் வரும்? நீ ஏறினதும் காத முன்னாடி விடைச்சுக்கிட்டு சலங்கை கட்டின மாதிரி நடக்குது. எனக்கு மட்டுந்தான் அப்படி நடக்கும்னு இருந்தேன்... வயிறு எரிஞ்சுதுடி. போதுமா?

தங்கை: எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருந்துச்சு? லாயத்து வாசல்ல உன் செருப்புச் சத்தம் கேட்டாப் போதும். நான் மேல உக்காந்திருக்கேன்னுகூடப் பாக்காம கழுத்தத் திருப்பிடும். அதுக்கு நான் ஒரு மூட்டை, அவ்வளவுதான்.

அக்கா: பொய்.

தங்கை: அதுகிட்டயே கேளு.

அக்கா: ... இப்ப என்ன பண்றது? நாளைக்கு...

தங்கை: நாளைக்கு யாரும் ஏறப்போறதில்ல. வீக்கம் வத்துற வரைக்கும் அந்த இடத்துல வாரே படக்கூடாது. அந்தத் துணியக் குளுந்த தண்ணியில நனைச்சுக் குடு... அந்தக் கையால இல்லக்கா!

அக்கா: அப்பாகிட்ட நான்தான்னு சொல்லிடறேன். பழிய உன் தலையில கட்டலாம்னுதான் உன்னக் கூப்பிட்டுக் காட்டினேன். கோவிச்சுக்காத.

தங்கை: தெரியும்.

அக்கா: என்ன தெரியும்?

தங்கை: நீ ஏறுறது. முதல் நாளே தெரியும்.

அக்கா: தெரிஞ்சுமாடி அப்பாவ எழுப்பல?

தங்கை: எழுப்பல. மாடி ஜன்னல்ல நின்னுட்டேன். ஒரு தடவ உன்னத் தள்ளி விட்டுச்சுன்னா அப்புறம் அது எனக்குத்தான்னு... ஆசையா நின்னேன்க்கா. நீ ஒரு பக்கமா சரிஞ்ச பாரு, அப்போ அது மெதுவா ஒரு எட்டு நகந்து, உனக்கு அடியில வந்து நின்னு உன்னத் தாங்கிக்கிச்சு. அன்னிக்குப் பூரா நான் அது கழுத்தத் தொடவே இல்ல.