பெரிய எழுத்து, சின்ன எழுத்து

நான் வேலையில் அவசரப்படுகிறவன் இல்லை. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஜெர்மனியின் பான் நகரில், நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். செவிலியர்கள் போனில் எங்கள் இணையத் தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள். அதை விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாற்றுவது என் பொறுப்பு. பழுதில்லாமல் முடிந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேலை போகும், அதோடு விசாவும். என் மகள் தேஜஸ்வினிக்கு இங்கேதான் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. பாதியில் அவளை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

மாற்றிய மறுநாள் காலையில் ஒரு பிழையைக் கண்டேன். ஒவ்வாமை அட்டவணையின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியது. நிரலில் அது சின்ன எழுத்தாக இருந்தது. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. அதனால் அட்டவணை கிடைக்காமல், எல்லா நோயாளிக்கும் 'ஒவ்வாமை இல்லை' என்றே காட்டிக்கொண்டிருந்தது. திருத்துவது எளிது. ஆனால் தளத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். அன்று மதியம் மேலாளர் என் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்திடுவதாக இருந்தது. அதுவரை பொறுக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது செவிலியர் பிறேமா போன் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என் மகளைப் பார்க்க ஒருமுறை மருத்துவமனைக்கு வந்தவர்.

"தம்பி, சிவமலர் அம்மான்ர கால் புண்ணுக்குப் புது டொக்டர் பெனிசிலின் எழுதியிருக்கிறார். தனக்கு அது ஒத்துவராது எண்டு அவ சொல்லுறா. அவவுக்கு மறதி வேற. இதில ஒண்டும் காட்டேல்லை. குடுக்கலாமோ?"

அட்டவணை என் முன்னால் திறந்தே கிடந்தது. சிவமலரின் பெயரைத் தேடினேன். பெனிசிலின் என்று இருந்தது.

"ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதான் கரெக்ட், அக்கா."

"ஓம் தம்பி, நீங்கள் சொன்னால் சரி."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சிவமலர் மூச்சடைத்து இறந்துபோனார். கையெழுத்தானதும் அட்டவணையின் பெயரைத் திருத்தினேன். பெனிசிலின் எச்சரிக்கை சிவப்பில் வந்தது. விசாரிக்க வந்தவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். பிறேமா எச்சரிக்கையைக் கவனிக்கவில்லை என்று முடிவுசெய்தார்கள். போனில் என்ன பேசினீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நினைவில்லை என்றேன். பிறேமாவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

தேஜஸ்வினியின் சிகிச்சை போன வாரம் முடிந்தது. இனி அவளுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இன்று உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன். சிவமலரைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

பிறேமா அக்கா என்மேல் கோபப்பட மாட்டார். அவரைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தைகூடத் தவறாகச் சொன்னதில்லை.