காத்தாடிக் காணிக்கு ஒரு கையெழுத்து

"ஹலோ... ஹலோ அத்தான், கேக்குதோ?... ஓம், ஓம், இப்ப வடிவாக் கேக்குது. சொல்லுங்கோ... வேலையிலதான். பத்து மணிப் பிறேக். இருவது நிமிசம் இருக்கு, காருக்குள்ள வந்து இருக்கிறன்... ஓம், ஈமெயில் வந்தது. பாத்தனான்... பாத்தனான் எண்டுறன் அத்தான். பிறின்ற் எடுத்துக் கையிலயே வச்சிருக்கிறன்."

கையில் வைத்திருந்தது உண்மைதான். அந்தத் தாளைக் கஜனி நாலு நாளாய்க் காரோடு காவித் திரிகிறாள். கனடாவில், மில்லிக்கனிலிருந்து பிறம்ரன் வெயார்ஹவுசுக்கு வரும் வழியில் சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு எடுத்துப் பார்ப்பாள். பச்சை விழுந்து பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடித்ததும் பக்கத்து சீற்றில் எறிவாள். மொத்தம் அரைப் பக்கம்தான். பூநகரிக் காணிக்குச் சொந்தக்காரனாகிய தன் அண்ணன் செந்தில்நாதன் இறந்துவிட்டான் என்று, அவனைக் கடைசியாகப் பார்த்த தங்கை சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"இல்லை, இன்னும் போடேல்லை... ஏனோ? நீங்கள் என்னட்ட ஏன் எண்டு கேக்கிறியளோ?... பொறுங்கோ. முதல் எனக்கு ஒண்டைச் சொல்லுங்கோ. உவை எண்ணெய்க் கொம்பனிதானே?... இந்திய அரசாங்கத்தின்ர. ஓம். அப்ப எண்ணெயைக் கிண்டுற வேலையை விட்டுட்டு எங்கட பனங்காணியில காத்தாடி நட ஏன் வருகினம்?... ம்... காத்திலயும் கரண்டு எடுக்கினம்... ம்... ரெண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டாச்சு. நல்லது. ரெண்டு அரசாங்கம் போட்ட பிறகு இந்தக் கஜனியின்ர கையெழுத்து ஆருக்கு வேணும்?"

பதில் தெரியாமல் கேட்ட கேள்வியல்ல. பக்கத்து நாட்டு எண்ணெய்க் கம்பனி பூநகரிக் கரையோரம் காற்றாலை போடவென்று வந்து ஒன்பது மாதமாகிறது. சண்டை முடிந்து பதினாறு வருடமாய் நாய்கூட எட்டிப் பார்க்காத மணல் தரைக்கு இப்போது நில அளவைக்காரர், லோயர், சென்னையிலிருந்து தமிழ் பேசுகிற அதிகாரி என்று ஆள் மாறி ஆள் வருகிறார்கள். ஐந்தாவது காற்றாலை நிற்கவேண்டிய இடம் செந்தில்நாதனின் நாலு ஏக்கர். அப்பா அவனுடைய பெயரில் எழுதி வைத்த காணி. எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எழுதப்பட்டவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள... ஓம்... ஓம், விளங்குது. வெள்ளிக்கிழமை கடதாசி போகாட்டிக் காத்தாடி வரிசையை அங்கால தள்ளிப் போடுவினம்... தெரியும் அத்தான். உங்கட வேலையும் அதோட போயிடும், அதுவும் தெரியும். நான் என்ன கல்லோ? ஒத்தைக் காலோட நீங்கள் படுற பாடு எனக்குத் தெரியாதோ?"

சொல்லும்போதே குரல் தணிந்தது. மோகனசுந்தரம் அவளுடைய அக்கா கிருஷ்ணவேணியின் புருசன். மேசன் வேலை செய்த மனிதர். சண்டையில் இடது கால் போன பிறகு ஏணி ஏற வழியில்லாமல், கிடைத்த கூலிக்கெல்லாம் போனவர். காற்றாலைக் களஞ்சியத்தில் கதிரையில் இருந்து பார்க்கிற வேலை தருகிறோம் என்று கம்பனி அவருக்குச் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட மனிதருக்கு மாட்டேன் என்று சொல்லக் கஜனிக்கு நாக்கு எழவில்லை. நாக்கு எழாமலே நாலு நாள் போய்விட்டது.

"சரி, நான் ஒண்டு கேக்கிறன். காணாமப் போனவைக்கெண்டு அரசாங்கம் ஒரு பத்திரம் குடுக்குதுதானே. செத்தது எண்டில்லாமல், ஆளைக் காணேல்லை எண்டு மட்டும் சொல்லுற பத்திரம்... ஓம், அதுதான். அதைக் குடுங்கோவன்... ஏன் சரிவராது?... ஆர், கொம்பனி லோயரோ?... என்னவாம்?... ம்... காணியை இருவத்தஞ்சு வரியக் குத்தகைக்கு எழுதேக்க... ம்... ஆள் திரும்பி வந்து காணியைக் கேட்டால்... நட்ட காத்தாடியைக் கழட்டேலாதாமோ?"

கஜனி சிரித்தாள். அது நல்ல சிரிப்பல்ல.

"பாத்தியளோ அத்தான். அண்ணா வருவார் எண்டு உலகத்தில இன்னும் நம்புறது அந்த லோயர் ஒராள்தான் போலை... இல்லை, நான் பகிடி விடேல்லை. வரட்டும். வந்து கேக்கட்டும். நானே ஏறிக் கழட்டிக் குடுக்கிறன்."

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். சூப்பர்வைசர் மெலிசா, மஞ்சள் மேலங்கியோடு பனிக்குள் நின்று மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். கஜனி கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினாள்.

"ஃபைவ் மினிற்ஸ், மெலிசா. ஃபாமிலி... யெஸ், யெஸ், ஐ நோ... தாங்க் யூ... ஹலோ அத்தான், இருக்கிறியளோ? இல்லை, இஞ்ச வேலையில ஒருத்தி. நல்லவள், ஆனா மணிக்கூட்டை முழுங்கினவள். அதை விடுங்கோ. கோவிக்காதேங்கோ, மனசில கிடக்கிறதைக் கேட்டிடுறன். போன கிழமை அக்கா வீடியோவில கதைக்கேக்க பின்னால அண்ணான்ர படம் தெரிஞ்சது. மாலை போட்டுக் கிடந்தது... ஓம், கண்டனான். பொட்டும் வச்சிருந்தது. அம்மா கண்ணை மூடும்வரைக்கும் அந்தப் படத்தில ஒரு பூ வைக்க விட்டவவோ? இப்ப கொம்பனிக்காரர் வருகினம் எண்டு போட்டதோ? வந்து பாத்திட்டு நம்பட்டும் எண்டோ?... பொறுங்கோ, நான் கதைச்சு முடிக்கேல்லை. உயிரோட இருக்கிறவருக்கு ஆரும் மாலை போடுவினமோ?... உங்களுக்கு எப்பிடித் தெரியும் இல்லை எண்டு? நானெல்லோ கடைசியாக் கண்டது. சண்டை முடிய ஆமிக்காரர் ஏத்தின பஸ்ஸில ஏறேக்க காணி உறுதிப் பையைத் தூக்கி என்ர கையில தந்தவர். உதை வச்சிரு, வாறன் எண்டவர். வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் ஏறினவர், அத்தான்... என்ன பஸ்ஸோ? என்ன கேள்வி இது? அம்மா சாகும்வரைக்கும் அரசாங்கக் கந்தோர் கந்தோராத் தேடித் திரிஞ்ச அதே பஸ்தான்... ஆ?... அம்மாவுக்காகச் சொன்ன கதையோ? ஆர் சொன்னது?... நானோ? நான் எப்ப சொன்னனான்?... என்ன பேப்பர்?... ரெண்டாயிரத்துப் பத்தில நான் அனுப்பின..."

பக்கத்து சீற்றில் கிடந்த தாளை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

கனடாவுக்கு வந்து இறங்கிய வருடம் அது. அகதி வழக்குக்கு வாக்குமூலம் எழுத வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசா மேல்மாடிக்குப் போனாள். அண்ணா இருக்கிறாரோ இல்லையோ தெரியாது என்று சொன்னாள். எழுதிய மனிதர் பேனையை வைத்துவிட்டார். தெரியாது என்று எழுதினால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் பிள்ளை, ஒரு சாவு தெளிவாய் வேண்டும் என்றார். ஷெல் விழுந்தது, என் கண்முன்னாலேயே செத்தார் என்று கஜனி சொன்னாள். பிறகு, ஊரில் யாரும் விசாரித்தால் கதை மாறக்கூடாதென்று ஒரு பிரதியை அக்காவுக்கும் அனுப்பினாள். அந்தக் காலத்தில் வந்திறங்கியவர்கள் எல்லாரும் செய்த வேலைதான். வழக்கு வென்றது. தாளை அவள் மறந்துபோனாள்.

"வாசியுங்கோ... இல்லை, வாசியுங்கோ அத்தான், எனக்கு ஞாபகமில்லை... ம்... ஓம்... வைகாசி மூண்டாந் திகதி... ஓம்... என்ர கண்ணால கண்டன்... ஓம். ஓம், நான் சொன்னதுதான். கீழ கிடக்கிறதும் என்ர கையெழுத்துத்தான்... இதை லோயரிட்டக் காட்டியாச்சோ?... நேற்றோ... அப்ப அவர் கேக்கிறது நியாயம்தானே. ஒருக்காப் பண்ணின சத்தியத்தை இன்னொருக்காப் பண்ணச் சொல்லுறார்... இப்ப மாத்திச் சொன்னால் எனக்கு இஞ்ச பாஸ்போட்டுக்கே கரைச்சல் வரும் எண்டும் சொன்னவரோ? நல்லாத்தான் யோசிச்சிருக்கிறார்... இல்லை, உங்களில கோவமில்லை. அக்காவிட்டப் போனைக் குடுங்கோ... அழுறாவோ? பரவாயில்லை, குடுங்கோ."

அக்கா வருவதற்குள் கஜனி ஹீற்றரைக் குறைத்தாள்.

"அக்கா... ஓம், நான்தான்... சாப்பிட்டனான், சாப்பிட்டனான். அக்கா, அண்ணான்ர படத்துக்கு மாலை எப்ப போட்டது?... அம்மான்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோடயோ. அது கொம்பனி வரமுந்தியெல்லோ... ம்... அதுக்கு முந்தியும் என்ன செய்தனீங்கள்?... ஒவ்வொரு வரியமுமோ?... வைகாசி மூண்டுக்குத் திதி பாத்து... ஐயரிட்ட அரிசி குடுத்து... அம்மாவுக்குச் சந்தைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு... பதினஞ்சு வரியமோ, அக்கா?"

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடம் அம்மா ஒரு மகனைத் தேடிக் கந்தோர் வாசல்களில் நின்றிருக்கிறாள். அதே வீட்டில் அதே மகனுக்கு அக்கா ஒளித்து ஒளித்துத் திவசம் கொடுத்திருக்கிறாள். இரண்டு கதையையும் கொடுத்தது கஜனிதான்.

"ஏன் என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை?... கண்ணால கண்ட பிள்ளையிட்ட எப்பிடிக் கேக்கிறது எண்டோ... ஐயோ, அக்கா."

வைகாசி மூன்று எங்கிருந்து வந்ததென்றும் இப்போது ஞாபகம் வந்துவிட்டது. என்ன திகதி என்று அந்த மனிதர் கேட்டபோது அவருடைய தலைக்கு மேல் ஒரு பலசரக்குக் கடைக் கலண்டர் தொங்கியது. அன்றைக்கு மே மூன்று; ஊர்ப் பேச்சில் வைகாசி மூன்று.

"அக்கா, அழாமக் கேளுங்கோ. அந்தத் திகதி சுவரில கிடந்த கலண்டரைப் பாத்துச் சொன்னது... இல்லை, அண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஷெல்லும் இல்லை. நான் காணேல்லை அக்கா, ஒண்டையும் காணேல்லை. அம்மாவுக்குச் சொன்னதுதான் உண்மை. அண்ணா பஸ்ஸில ஏறினதைத்தான் கண்டனான்... ஓம், பொய்தான். இஞ்ச நான் இருக்கிறதுக்காகச் சொன்ன பொய். நீங்கள் நம்புவியள் எண்டு நான் நினைக்கவே இல்லை. கதை மாறாமல் இருக்கட்டும் எண்டெல்லோ அனுப்பினனான்... அக்கா?... அக்கா, இருக்கிறியளோ?"

மெலிசா வெயார்ஹவுஸ் கதவைத் திறந்து பிடித்தபடி கையை அசைத்தாள். கஜனி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஓம், கேக்குது... தெரியாது, அக்கா. இருக்கிறாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. அண்டைக்கே அப்பிடித்தான் சொல்லியிருக்க வேணும்... கையெழுத்தோ? போடேலாது அக்கா. என்னைக் கொண்டாலும் ஏலாது, என்ன கரைச்சல் வந்தாலும் வரட்டும்... என்ன?... நீங்களே சொல்லுறியளோ, போடவேண்டாம் எண்டு?... அத்தான்ர வேலை, அக்கா. அத்தான் பக்கத்திலதானே நிக்கிறார், அவருக்குக் கேக்கப் போகுது... அக்கா? எங்க போறியள்? போனை வச்சிட்டுப் போகாதேங்கோ."

கஜனி போனைக் காதோடு அழுத்தினாள்.

"ஹலோ... ஆரு, அத்தானோ? என்ன சத்தம் அது? ஆர் கதிரை இழுக்கிறது?... அக்காவோ? அவவை ஏற விடாதேங்கோ, அவவுக்கு முழங்கால் ஏலாது... என்னத்தை எடுக்கிறா?... மாலையையோ?... அவவைப் பேசாதேங்கோ அத்தான், கழட்டட்டும். வேலையைப் பற்றிப் பிறகு கதைப்பம், நான் ஏதும் செய்யிறன்... ஓம்... ஓம், தெரியும், உங்களுக்கும் கஷ்டம்தான். இப்ப ஒண்டு மட்டும் செய்யுங்கோ. அவ விழுந்திடுவா, கதிரையைப் பிடியுங்கோ... பிடிச்சிருக்கிறியளோ?... ஹலோ... ஹலோ அத்தான், கதிரையைப் பிடிச்சிருக்கிறியளோ?"

லைன் அறுந்துவிட்டது.