பல்லி சொல்லட்டும்

— அம்மா, கிளாஸ்ல யாரும் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேக்க மாட்டாங்க. செத்த நிமிந்து பாரு.

— கேக்குறது காதுதானடி அஸ்வினி. கண்ணு வெங்காயத்துல கெடக்கட்டும், நீ சொல்லு.

— நாளைக்கு இங்கிலீஷ்ல, இன்னைக்கு உனக்காகத் தமிழ்ல. "வணக்கம் மேடம், வணக்கம் நண்பர்களே. இன்று நான் எடுத்துக்கொண்ட ஆய்வுக் கட்டுரை, வீட்டுப் பல்லிகள் ஏன் குரல் கொடுக்கின்றன என்பதைப் பற்றியது."

— ஆத்தாடி, பல்லியப் பத்தியா? ஊரு ஒலகத்துல வேற உசுரே இல்லையா? அதுவும் உங்கப்பாவ வீட்டுல வச்சுக்கிட்டு!

— அவராலதான் இத எடுத்தேன். பைக் வாங்கப் பல்லி சொல்லணும், தோட்டத்துல போர் போடப் பல்லி சொல்லணும். ஏன் இந்தப் பேப்பர் எடுத்தன்னு மேடம் கேட்டா, எங்க வீட்டுக்குக் குடும்பத் தலைவரே பல்லிதான்னு சொல்லப் போறேன்.

— சொல்லு, சொல்லு. உன்னையக் காலேஜுக்கு அனுப்ப மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்ன மனுசன், பல்லி சொல்லவும்தான் மறுநாளே கூட்டிக்கிட்டுப் போயிச் சேத்து விட்டாரு. அந்த நன்றியாச்சும் இருக்கா ஒனக்கு?

— அது பாட்டுக்குக் கத்திருக்கும்மா. கேளு. ஒரு ஆம்பளப் பல்லி கத்துறத ரெக்கார்டு பண்ணி, வேற வீட்டுச் செவுத்துல சின்ன ஸ்பீக்கர வச்சுப் போட்டுருக்காங்க. அங்க இருந்த பல்லிங்கள்ல பாதி பதிலுக்குக் கத்துச்சு, மீதியில முக்காவாசி ஓடிருச்சு. சும்மா இருந்தது ரொம்பக் கம்மி.

— வாயில்லாச் சீவன ஏமாத்துனாங்களா? படிச்சவங்க செய்ற வேலையா இது?

— அதோட விடல. வேற ஒரு சத்தத்தையும் அதே அளவுக்குப் போட்டுப் பாத்தாங்க. அதுக்கு ஒரு பல்லியும் அசையல. அப்ப, சத்தத்துக்குப் பயந்து அதுங்க ஓடல. "இது என் செவுரு, நீ வராத"ன்னு பேசிக்கிடுதுங்க. நம்ம நல்லது கெட்டது அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

— அடியே, அம்புட்டையும் தாளப் பாக்காமலே சொல்லிட்டியே!

— நல்லா இருந்துச்சா?

— பள்ளிக்கூடத்துல நாலு பேரு முன்னாடி பேரச் சொல்லவே அழுத புள்ள நீ. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. அது கெடக்கட்டும், அந்தக் கோயம்புத்தூருல தங்குறது எங்கன?

— லேப்புக்குப் பின்னாடியே லேடீஸ் ஹாஸ்டல்மா. ஒரு மாசப் பயிற்சிதான். நாளைக்கு நல்லாப் பேசுறவங்கள்ல ஒருத்தரத்தான் மேடம் அனுப்புவாங்க. ஆனா வீட்டுல சரின்னாத்தான் என் பேரையே எடுத்துக்கிடுவாங்க. அப்பா ரெண்டு நாளா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. நீயாச்சும் சொல்லேன்.

— என்கிட்ட என்னத்தக் கேக்குற? அவரு சொல்லட்டும். கூட யாரு வாரா?

— தேவிகா மேடமே கொண்டுவந்து விடுவாங்க.

— சோறு?

— அம்மா! சோறு போடாம அடைச்சா வைப்பாங்க?

— கேக்கணும்லடி. இருக்குறது ஒத்தப் புள்ள... இந்தா, வண்டிச் சத்தம் கேக்குது. உங்கப்பா முன்னாடி பல்லியக் கில்லிய இழுக்காத. தன்மையாப் பேசு.

— ஈஸ்வரி, ஒரு டீயப் போடு. கப்பலூர்ல இருந்து சமயநல்லூர் வாரதுக்குள்ள இடுப்பு கழண்டுருச்சு. என்ன தாயி, கையில தாளு? அதாகப்பட்டது, நாளைக்குப் பேசப் போறியாக்கும்?

— ஆமாப்பா. உக்காருங்க, இப்ப நீங்கதான் என் கிளாஸ். பல்லி ஏன் கத்துதுன்னு பேசப் போறேன்.

— ஏன் கத்துது? நடக்கப் போறதச் சொல்லுது. அதாகப்பட்டது, இதுக்கு ஒரு கிளாஸா?

— ஏங்க, மொதல்ல மொகத்தக் கழுவிட்டு வாங்களேன்.

— நீ சும்மா இரு ஈஸ்வரி. புள்ள சொல்லட்டும்.

— இன்னொரு பல்லியப் பாத்து, இது என் எடம்னு சொல்லுதுப்பா. அம்புட்டுத்தான். நம்ம போறது வாரது அதுக்குத் தெரியாது. ஸ்பீக்கர்ல போட்டா ஸ்பீக்கருக்கும் பதில் சொல்லும்.

— அப்ப நம்ம போர்ல தண்ணி வந்துச்சே?

— பக்கத்துத் தோட்டத்துலயும்தான் வந்துச்சு. அவுக பல்லியக் கேக்கலையே!

— கேட்டியா ஈஸ்வரி, இந்த நல்லகாமன் மக பேசுற பேச்ச! சரி தாயி. பல்லிக்கு ஒண்ணும் தெரியாது. அப்ப நான் யாரக் கேக்குறது?

— உங்களுக்குத் தோணுறத நீங்களே சொல்லலாம்லப்பா.

— எனக்குத் தோணுறதெல்லாம் பயந்தான் தாயி. நீ ஆரப்பாளையம் பஸ்ஸுல ஏறுற வரைக்கும் டீக்கடையில ஒளிஞ்சு நின்னு பாக்குறவன் நான். என் புத்தியக் கேட்டா உன்னைய வாசப்படி தாண்ட விடாது.

— ஒளிஞ்சு நிக்கிறீங்களா? அப்பா... எனக்குப் போகணும்னு அம்புட்டு ஆசையா இருக்குப்பா.

— தெரியுது. இப்பப் பேசுனதப் பாத்தாலே தெரியுது. ஆனா...

— ச்ச்... ச்ச்... ச்ச்...

— ஆகா! கேட்டியா தாயி? சொல்லிருச்சு! அடுப்படிப் பக்கம் இருந்து சொல்லிருச்சு! போயிட்டு வா. மேடத்துக்கிட்ட சரின்னு சொல்லிரு. நான் மொகத்தக் கழுவிட்டு வாரேன்.

— அப்பா, அப்ப இம்புட்டு நேரம் நான் சொன்னது? போயிட்டாரு. அம்மா, எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னே தெரியல.

— சிரி. போகச் சொல்லிட்டாருல்ல.

— சந்தோசந்தான். ஆனா, டியூப்லைட்டுக்குப் பக்கத்துல ஒரு பல்லி இருக்கு, பாத்தியா?

— இருந்தா?

— அது தலையக்கூடத் திருப்பல. இம்புட்டுப் பக்கத்துல இன்னொரு பல்லி கத்துனா, பேப்பர்படி இது பதில் குடுக்கணும், இல்லாட்டி ஓடணும். இது பாட்டுக்குப் பூச்சியத் தின்னுக்கிட்டு இருக்கு. அப்ப கத்துனது பல்லி இல்ல.

— வெங்காயம் உரிக்கத் தெரியல, இதெல்லாம் மட்டும் நல்லாத் தெரியுது.

— அம்மா, இங்க பாரு. நாக்க நீட்டு.

— மெதுவாப் பேசுடி! அது இந்த வீட்டுப் பல்லி, அதுக்கு என் சத்தம் பழகிப் போச்சு. எங்குட்டு ஓடும்?

— நீதானா! அப்ப என்னையக் காலேஜுல சேத்தது?

— நாந்தேன்.

— பைக்கு? போரு?

— பைக்கு நாந்தேன். போருக்கு நெசமாவே பல்லிதான் சொல்லுச்சு. நானே பயந்துட்டேன்.

— ஐயோ, வயிறு வலிக்குதும்மா! இத்தன வருசத்துல அப்பாவுக்கு ஒரு தடவகூடச் சந்தேகம் வரலையா?

— உங்கப்பா வெள்ளந்தி மனுசன். அவருக்கு எங்க தெரியப் போகுது?

— ஏ ஈஸ்வரி! டீயப் போட்டதும் மொதக் கிளாஸ வெங்காயம் உரிக்கிற அந்தப் பல்லிக்குக் குடு. அது என்ன சொல்லப் போகுதோன்னுதான் ரெண்டு நாளா நானும் வாயத் தொறக்காமக் காத்துக் கெடந்தேன்.